வலிக்காத நோய்க்கு மாத்திரை எதற்கு?

"தலை வலிக்கலை, மயக்கம் வரலை, நெஞ்சிலே ஒரு குத்தல்கூட இல்லை. நல்லா இருக்கிறவனுக்கு எதுக்கு மாத்திரை?"

இந்தக் கேள்வி உங்கள் வீட்டிலும் ஒருநாள் எழுந்திருக்கும், சகோதரிகளே. எங்கள் வீட்டில் கேட்டவர் என் கணவர். அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஒரு வருஷம் பிடித்தது. நான் டாக்டர் இல்லை. பத்தாவது படித்துவிட்டு, ஓசூர் சிப்காட் பக்கத்தில் இருபது வருஷத்துக்கு மேலாகக் குடித்தனம் செய்கிற சாதாரணக் குடும்பப் பெண். அதனால் இந்தக் கட்டுரையில் மருந்துச் சீட்டு எதுவும் கிடையாது. எங்கள் குடும்பத்தில் நடந்ததும், டாக்டரிடமும் நர்ஸம்மாவிடமும் நான் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான் இருக்கிறது.

'கேஸ்' என்று நினைத்தோம்

என் மாமனார் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். திடகாத்திரமான மனுஷர். காய்ச்சல் என்று படுத்து நான் பார்த்ததில்லை. 2004-ம் வருஷம், அதாவது தர்மபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமான அதே வருஷம், ஒருநாள் ராத்திரி சாப்பிட்டு எழுந்தவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே, "கேஸ் புடிச்ச மாதிரி இருக்குது" என்றார். அத்தை ஓமம் கொதிக்க வைத்துக் கொடுத்தார். நான் கடைக்கு ஓடி சோடா வாங்கி வந்தேன். இடது தோள் வலிக்கிறது என்றார், தைலம் தேய்த்தோம். வேர்த்துக் கொட்டியது, விசிறினோம். விடிவதற்குள் போய்விட்டார். வயசு 54.

எங்கள் தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும். மூன்று பாஷையிலும் மாரடைப்புக்கு முதல் பெயர் 'கேஸ்'தான். "கேஸுன்னு நெனச்சு ஓமத்தண்ணி குடுத்தேனே" என்று அத்தை இன்றைக்கும் சொல்லி மாய்ந்து போவார். அந்த ஓமத்தண்ணீர் அவரைக் கொல்லவில்லை. ஆனால் 54 வருஷத்தில் ஒரே ஒரு முறைகூட அவர் கையில் பிரஷர் பட்டை சுற்றப்பட்டதில்லை என்பதை நாங்கள் யாரும் யோசித்துப் பார்த்ததில்லை.

வாசலுக்கு வந்த பரிசோதனை

சர்க்கரை, ரத்தக் கொதிப்பு நோயாளிகளுக்கு வீட்டிலேயே பரிசோதித்து, மாத்திரையையும் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி தொடங்கி வைத்தார். தொடங்கிய இடம் சென்னை அல்ல. எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி கிராமம். 2024-ல் இந்தத் திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் கிடைத்தது. நம் ஊர் எல்லையில் தொடங்கிய ஒன்று அவ்வளவு தூரம் பேசப்பட்டதில் எனக்குச் சின்னப் பெருமை உண்டு.

2022-ல் அத்தைக்குப் பிரஷர் பார்க்க ஒரு தன்னார்வலப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் கணவர் அப்போதுதான் நைட் ஷிப்ட் முடிந்து வந்து உட்கார்ந்திருந்தார். வயசு 50. "எனக்கும் பாரும்மா, எவ்வளவு மார்க் வருதுன்னு பார்ப்போம்" என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. ஐந்து நிமிஷம் பேசாமல் உட்காரச் சொல்லி மறுபடியும் பார்த்தாள். 164/102.

"அண்ணா, நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க" என்றாள்.

"நைட் ஷிப்ட் பார்த்துட்டு வந்திருக்கேன், தூக்கமில்லை. அதான் ஏறியிருக்கும்" என்றார் இவர்.

தூக்கமில்லாதபோது கொஞ்சம் ஏறும் என்பது உண்மைதான். அதனால்தான் ஒரு தடவை பார்த்ததை வைத்து நோய் என்று முடிவு கட்டுவதில்லை. வேறு வேறு நாளில் பார்த்து, ஆஸ்பத்திரியில் 140/90-ம் அதற்கு மேலும் வந்துகொண்டே இருந்தால்தான் ரத்தக் கொதிப்பு என்பார்கள். இவருக்கு நன்றாகத் தூங்கி எழுந்து போன நாளிலும் 160-க்குக் குறையவில்லை. டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். வெறும் வயிற்றுச் சர்க்கரை 118. இது சர்க்கரை நோய் இல்லை. ஆனால் 100-க்கு மேல் போய்விட்டால் வாசல்படியில் நிற்பதாக அர்த்தம், 126-ஐத் தொட்டால் உள்ளே வந்துவிட்டதாக அர்த்தம். கெட்ட கொழுப்பு என்கிற எல்.டி.எல். 162. ஈ.சி.ஜி. மட்டும் நன்றாக இருந்தது.

"ஈ.சி.ஜி. நார்மல்தானே சார், அப்புறம் என்ன?" என்று இவர் கேட்டார்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "ஈ.சி.ஜி. என்பது அந்த நிமிஷத்தில் எடுக்கிற போட்டோ மாதிரி. நாளைக்கு என்ன ஆகும் என்று அது சொல்லாது. உங்கள் அப்பா 54 வயசில் மாரடைப்பில் போயிருக்கிறார். பிரஷர் இருக்கிறது, கொழுப்பு இருக்கிறது, சிகரெட் பிடிக்கிறீர்கள், ராத்திரி வேலை பார்க்கிறீர்கள். ஒவ்வொன்றாகப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள்."

இந்தக் கூட்டல் கணக்கு அவர் சொந்தமாகப் போட்டதில்லை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் டாக்டர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்து, 2004-ல் வெளியானது. முதல் மாரடைப்புகளில் பத்துக்கு ஒன்பது பங்கு ஆபத்துக்குக் காரணம் ஒன்பதே விஷயங்கள் என்று அதில் கண்டார்கள். கொழுப்பு, புகை, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, தொப்பை, மனக்கவலை, காய்கனி குறைவு, உடலுழைப்புக் குறைவு, குடி. இந்தியா உள்ளிட்ட நம் பக்கத்து நாடுகளில் முதல் மாரடைப்பு வருகிற சராசரி வயசு 53. மற்ற நாடுகளைவிட ஐந்தாறு வருஷம் முன்னாலேயே வந்துவிடுகிறது. இதைப் படித்தபோது மாமனாரின் 54 என் கண்முன் வந்து நின்றது. ஆனால் அந்த ஒன்பதும் மாற்றிக்கொள்ளக் கூடியவை என்பது ஒரு ஆறுதல்.

மாத்திரை அட்டை சொன்ன கதை

பிரஷருக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று என்று இரண்டு மாத்திரை. நான்கே மாதத்தில் பிரஷர் 128/82-க்கு இறங்கிவிட்டது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அங்கேதான் ஏமாந்தோம்.

2023-ல் ஓசூர்த் தேர்த் திருவிழா. சந்திரசூடேஸ்வரர் மலைக்குப் போய்விட்டு வந்த மறுநாள், அலமாரியைச் சுத்தம் செய்யும்போது மாத்திரை டப்பாவைத் திறந்தேன். மாதம் முடிய இரண்டு நாள்தான் இருந்தது. அட்டையில் காலியாகியிருக்க வேண்டிய மாத்திரைகள் பத்திரமாக இருந்தன. எண்ணிப் பார்த்தேன். இருபத்து நாலு. மாதத்தில் நாலு நாள்தான் சாப்பிட்டிருக்கிறார்.

சாயந்திரம் வந்ததும் கேட்டேன். முதலில், "மறந்துட்டேன்" என்றார். இருபத்து நாலு நாளா மறப்பார்கள்? அப்புறம்தான் இந்தக் கட்டுரையின் முதல் வரியில் நான் எழுதிய கேள்வியைக் கேட்டார். "நார்மல் ஆயிடுச்சுன்னு நீதானே தேங்கா ஒடைச்சே?"

எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. ராத்திரி பிள்ளைகள் தூங்கின பிறகு மெதுவாகச் சொன்னார். "ஷிப்ட்ல மாத்திரைப் பொட்டலத்தைப் பிரிச்சா நாலு பேரு பார்க்கிறான். பிரஷர் பேஷண்டுன்னு தெரிஞ்சா ஓவர்டைம் குடுக்க மாட்டாங்க. பெரியவனுக்குக் காலேஜ் பீஸ் கட்டணும். அப்பா மாதிரி நானும் சீக்காளின்னு எல்லாருக்கும் தெரியணுமா?"

அவர் சோம்பலில் நிறுத்தவில்லை, பயத்தில் நிறுத்தியிருக்கிறார். என் பயம் அவர் உயிரைப் பற்றி. அவர் பயம் எங்கள் சோற்றைப் பற்றி. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் பயந்துகொண்டிருந்தோம்.

மறு வாரம் அந்தத் தன்னார்வலப் பெண் வந்து பார்த்தாள். 172/104. அப்போதும் அவருக்குத் தலை வலிக்கவில்லை, மயக்கமும் இல்லை.

அவரை அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவர் திட்டவில்லை. "உங்க வீட்டுல தண்ணி மோட்டார் இருக்கா?" என்று கேட்டார். "பைப்பில் எந்நேரமும் அளவுக்கு மீறின வேகத்தில் தண்ணி ஓடினால் என்னாகும்? பைப் உள்பக்கமாகத் தேயும். வெளியே ஒன்றும் தெரியாது. ரத்தக் குழாயும் அப்படித்தான். உள்சுவர் பழுதாகும், அந்த இடத்தில் கொழுப்பு படியும். அந்தப் படிவு ஒருநாள் உடைந்தால் அதன்மேல் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். அதுதான் மாரடைப்பு. வருஷக்கணக்கில் தேய்கிறபோது வலிக்கவே வலிக்காது. அடைக்கிற அன்றைக்குத்தான் வலிக்கும். உங்களுக்கு 128 வந்தது நோய் போனதால் இல்லை. மாத்திரை வேலை செய்ததால். நிறுத்தினால் பழையபடி ஏறும்."

இதுதான், சகோதரிகளே, என் கணவர் கேட்ட கேள்விக்குப் பதில். கண்ணாடி போட்டதும் எழுத்து தெரிகிறது என்பதற்காக நாம் கண்ணாடியைத் தூக்கி எறிவதில்லையே!

ஷிப்டுக்கு ஏற்ற மாதிரி டாக்டரே ஒரு வழி சொன்னார். எந்த ஷிப்டானாலும் வீட்டில் பல் துலக்குகிற நேரத்தில் பிரஷர் மாத்திரை, வீட்டில் சாப்பிடும் சாப்பாட்டுக்குப் பிறகு கொழுப்பு மாத்திரை. தொழிற்சாலைக்கு எதையும் எடுத்துப் போக வேண்டாம். ஒரு சின்ன மாற்றம்தான். அவருடைய பாதி பயம் போய்விட்டது. சிலருக்குப் பிரஷர் மாத்திரையால் கணுக்கால் வீங்கும். சில வகைக்கு வறட்டு இருமல் வரும். கொழுப்பு மாத்திரையால் சிலருக்குத் தசை வலி வரும். அப்படி வந்தால் டாக்டரிடம் சொன்னால் வேறு மாற்றிக் கொடுப்பார். நாமே நிறுத்துவதுதான் தவறு. அதிலும் அட்டெனலால் போன்ற மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

அரிசியில் பூத்த பூஞ்சை

கொழுப்பு மாத்திரை என்றால் ஏதோ பயங்கர ரசாயனம் என்று அத்தை பயந்தார். அதன் பூர்வீகத்தைக் கேட்டால் நீங்கள் ஆச்சரியப்படுவீர்கள். ஜப்பானில் அகிரா எண்டோ என்கிற விஞ்ஞானி, கொழுப்பைக் குறைக்கும் பொருள் ஏதாவது பூஞ்சையில் கிடைக்குமா என்று ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்தார். 1973-ல் கிடைத்தது. கியோட்டோ நகரத்துத் தானியக் கடை ஒன்றின் அரிசியில் பூத்திருந்த நீலப்பச்சைப் பூஞ்சை அது! நம் ஈரல் கொழுப்பு தயாரிக்கும் வேகத்தை அது குறைத்தது. இன்று உலகமெங்கும் கோடிக்கணக்கானவர்கள் சாப்பிடும் 'ஸ்டாட்டின்' மாத்திரைகளுக்கு அதுதான் மூதாதை. எண்டோ 2024-ல் காலமானார். "அரிசியிலிருந்து வந்ததா? அப்போ சாப்பிடலாம்" என்று அத்தை அனுமதி கொடுத்துவிட்டார்.

அதற்காகப் பூஞ்சை பூத்த அரிசியைச் சாப்பிட்டு வைக்காதீர்கள், அது விஷம்.

என் கையை நான் நீட்டவில்லை

அன்றைக்கு டாக்டர் அறையில் நர்ஸம்மா என்னைப் பார்த்து, "நீங்க எப்பம்மா பார்த்துக்கிட்டீங்க?" என்று கேட்டார். எனக்கு நினைவில்லை. அத்தைக்குப் பார்த்தோம், அவருக்குப் பார்த்தோம். அந்தத் தன்னார்வலப் பெண் எத்தனையோ தடவை கேட்டும், "அடுப்புல குழம்பு இருக்கும்மா, அடுத்த தடவை பார்க்கலாம்" என்று சமையலறைக்குள் போனவள் நான்தான்.

உட்காரச் சொன்னார். 148/94. இன்னொரு நாள் பார்த்தார்கள், 150/92.

"பிரசவ சமயத்தில் பிரஷர் இருந்ததா?" என்று டாக்டர் கேட்டார். இருந்தது. 2006-ல் இரண்டாவது பிரசவத்தின்போது கால் முகமெல்லாம் வீங்கி, பிரஷர் ஏறி, ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். குழந்தை பிறந்து கொஞ்ச நாளில் சரியாகிவிட்டது; நானும் மறந்துவிட்டேன். கர்ப்ப காலத்தில் பிரஷர் ஏறி இப்படி அவதிப்பட்டவர்களுக்குப் பிற்காலத்தில் இருதய நோய் வர மற்றவர்களைவிட இரண்டு மடங்கு வாய்ப்பு உண்டாம். கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்து போனவர்களுக்கும் பிற்பாடு சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம். இளம் தாய்மார்களே, இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். பிரசவத்தோடு போய்விட்டது என்று விட்டுவிடாமல் வருஷத்துக்கு ஒருமுறையாவது பிரஷரும் சர்க்கரையும் பாருங்கள். ஏற்கெனவே பிரஷர், கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் குழந்தைக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். சில மாத்திரைகள் வயிற்றுக் குழந்தைக்கு ஆகாது. வேறு மாற்றித் தருவார்கள்.

மூட்டு வலிக்கு நான் மருந்துக் கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த வலி மாத்திரையும் பிரஷரை ஏற்றக் கூடியதாம். அதை நிறுத்தச் சொன்னார்.

வீட்டில் கருவி வைத்துப் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது: அரை மணி முன்னால் காப்பி, டீ கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி ஐந்து நிமிஷம் உட்கார வேண்டும். பட்டை சுற்றிய கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் இருக்க வேண்டும். பார்க்கும்போது பேசக் கூடாது. நமக்குக் கடைசி விஷயம்தான் கஷ்டம்!

சமையலறையில் செய்த மாற்றங்கள்

'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்று வளர்ந்தவர் என் மாமியார். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள், உப்பு போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நான் ஒரு காரியம் செய்தேன். மாதத் தொடக்கத்தில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைத் தனியாக வைத்து, எத்தனை நாளில் தீர்கிறது என்று பார்த்தேன். ஐந்து பேருக்கு ஒரு கிலோ நாற்பது நாள் வர வேண்டும். எங்கள் வீட்டில் இருபத்தைந்தே நாளில் தீர்ந்தது. ஊறுகாய், அப்பளம், கருவாட்டு உப்பு இந்தக் கணக்கில் சேரவே இல்லை. ஒரேயடியாகக் குறைத்தால் தட்டைத் தள்ளிவிடுவார்கள். வாரா வாரம் கொஞ்சமாகக் குறைத்து, எலுமிச்சம்பழம், புளி, சீரகம், கொத்துமல்லி என்று ருசியை ஈடுகட்டினேன். சோற்றிலும் மோரிலும் உப்புப் போடுவதை நிறுத்தினேன். இரண்டு மாதத்தில் நாக்கு பழகிவிட்டது. இந்துப்பு நல்லது என்று சொல்வார்கள். பிரஷரைப் பொறுத்தவரை அதுவும் உப்புதான்.

எண்ணெய், ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று கணக்கு வைத்திருக்கிறேன். ரேஷன் பாமாயிலில் பாதியளவு கெட்டிக் கொழுப்பு. அதனால் அதைக் குறைத்து, கடலெண்ணெயும் நல்லெண்ணெயும் மாற்றி மாற்றி வாங்குகிறேன். வடை சுட்ட எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சுவது அடியோடு நின்றது. எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு பெங்களூர் பேக்கரி. ஷிப்ட் முடிந்து வருகிறவர் கையில் பப்ஸும் காரா பன்னும் இல்லாமல் வரமாட்டார். இப்போது மாதத்துக்கு ஒரு நாள் என்று ஒப்பந்தம்.

நம் பக்கத்துச் சாப்பாட்டிலேயே நல்லது நிறைய இருக்கிறது. ராகிக் களியும் கீரைக் குழம்பும், சாமைச் சோறும் கொள்ளுப் பருப்பும். ஆனால் ராகிதானே என்று மூன்று உருண்டை விழுங்கினால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். ஒரு உருண்டை களி, இரண்டு கரண்டி கீரை என்று தட்டை மாற்றினேன். மாம்பழக் காலத்தில் கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு மாம்பழமே கூடாது என்றால் நடக்குமா? சாப்பாட்டுக்கு மேல் முழுப் பழம் தின்பதை விட்டு, சோற்றைக் குறைத்துக்கொண்டு இரண்டு துண்டு. சர்க்கரை நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கள்.

தையல் டேப்பால் இடுப்பை அளந்து பாருங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. என் டேப் 91 காட்டியது. 'வீட்டு வேலை செய்கிறேனே' என்ற சமாதானம் அன்றோடு போயிற்று. வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமாக நடக்க வேண்டும் என்கிறார்கள். ராமநாயக்கன் ஏரிப் பக்கம் பக்கத்து வீட்டுத் தெலுங்கு அக்காவோடு வாரம் ஐந்து நாள் அரை மணி நடக்கிறேன். பேசிக்கொண்டே நடக்கலாம், ஆனால் பாட முடியாத வேகம்; அதுதான் அளவு.

சிகரெட்டுதான் பெரிய போராட்டம். இரண்டு தடவை விட்டு, இரண்டு தடவை பிடித்தார். மூன்றாவது தடவை விட்டவர், இதை எழுதுகிற நாள் வரை தொடவில்லை. நான் சண்டை போட்டதால் இல்லை. சின்னவள் பள்ளிக்கூட நோட்டில் தாத்தாவின் வயசையும் அப்பாவின் வயசையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, கழித்துப் பார்த்ததை ஒருநாள் இவர் பார்த்துவிட்டார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை.

அந்த ராத்திரி வந்தால்

இவ்வளவு செய்தும் ஆபத்து வராது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. வந்தால் என்ன செய்வது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நடு நெஞ்சில் பாரம் வைத்தாற்போல் அழுத்தம், இடது கை, தோள், தாடை, முதுகு வரை பரவும் வலி, குளிர்ந்த வேர்வை, மூச்சுத் திணறல், வாந்தி. பெண்களுக்குச் சில சமயம் நெஞ்சு வலி பெரிதாக இருக்காது. காரணமில்லாத களைப்பு, மூச்சிரைப்பு, குமட்டல், முதுகு வலி என்று வரும். நாமும் 'வேலை அதிகம்' என்று படுத்துவிடுவோம். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே தெரியாமலும் வரலாம்.

ஓமத்தண்ணீர் கொதிக்கக் காத்திருக்க வேண்டாம். 108-க்குப் போன் செய்யுங்கள். நோயாளியை நடக்கவோ வண்டி ஓட்டவோ விடாதீர்கள். எங்கள் ஊரில், 'பெங்களூருக்கே போயிடலாம்' என்று முதலில் வண்டி எடுப்பார்கள். நாற்பது கிலோமீட்டர்தான், ஆனால் அத்திப்பள்ளி தாண்டி நெரிசலில் நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் இருதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். முதலில் பக்கத்து ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி.; பிறகு எங்கே போவது என்று டாக்டர் சொல்லட்டும். இதற்காகவே தமிழக அரசு 2023 ஜூன் மாதம் 'இதயம் காப்போம்' திட்டத்தைக் கொண்டுவந்தது. மாரடைப்பு அறிகுறியோடு வருகிறவர்களுக்குக் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் மாத்திரைகளையும் கொழுப்பு மாத்திரையையும் முதல் தவணையாகக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் ஏற்பாடு அது. அதற்காக ஆஸ்பிரினை வீட்டில் தினமும் நாமாகச் சாப்பிட ஆரம்பிக்கக் கூடாது. சிலருக்கு வயிற்றில் ரத்தக் கசிவு வரும்.

2004-ல் இவையெல்லாம் எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மாமா பிழைத்திருப்பாரா, சொல்ல முடியாது. ஆனால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டோம்.

சென்ற மாதம் என் கணவருக்கு 126/80, எனக்கு 130/84. இந்தத் தடவை தேங்காய் உடைக்கவில்லை. சமையலறை ஷெல்பில் காப்பிப் பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் இரண்டு மாத்திரை டப்பாக்கள் இருக்கின்றன. மாதம் முடிந்ததும் என் அட்டையை அவர் எண்ணுகிறார். அவர் அட்டையை நான் எண்ணுகிறேன். போன 54-வது பிறந்த நாளுக்கு அவர் கேட்டது பால் பாயசம். சர்க்கரையைக் குறைத்துத்தான் செய்தேன். குறை சொல்லாமல் சாப்பிட்டார்.

உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வீட்டுப் பெரியவர்களை அழைத்துப் போகும்போது, சகோதரிகளே, அவர்களுக்குப் பார்த்து முடித்ததும் அந்த நாற்காலியில் நீங்களும் ஐந்து நிமிஷம் உட்காருங்கள். அடுப்புக் குழம்பு அதற்குள் ஒன்றும் ஆகிவிடாது.